கல்வராயன்+மலை

புதிதாகச் சேர்ந்திருக்கும் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஆபீசில் கேட்டார்கள். இருபத்தாறு வருஷ அனுபவத்தைச் சுருக்கமாக, உற்சாகம் தருகிற மாதிரி எழுத வேண்டுமாம். உற்சாகத்துக்கு என்னைவிடப் பொருத்தமான ஆட்கள் இருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த இணையப் பக்கங்களை உங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அரிசி மண்டிப் பக்கமும் கல்யாண மண்டபப் பக்கமும் யார் கைக்குப் போனாலும் எனக்குக் கவலை இல்லை. ரத்தக் கொடையாளர் பக்கம் அப்படி இல்லை. அதன் பெயர்ப் பட்டியலில் ஒரு வரியில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். ஏன் காலி என்று சொல்லாமல் நான் வேலையை விட்டு வீட்டுக்குப் போனால், உங்களில் ஒரு கெட்டிக்காரர் அதை நிரப்பிவிடுவார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பக்கத்தைக் கேட்டு வந்தவர் முருகவேல். சின்னசேலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கிறார். நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ரத்தம் கொடுப்பவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். யாருக்காவது அவசரம் என்றால் கடைக்குப் போன் வரும், அவர் நோட்டைப் புரட்டி நம்பர் சொல்வார். கடையைப் பார்ப்பதா நோட்டைப் பார்ப்பதா என்று திண்டாடியபோது எங்களிடம் வந்தார். சர்வர், டேட்டாபேஸ் என்று பெரிதாக எதுவும் வேண்டாம், செலவில்லாமல் முடியுங்கள் என்றார். நானும் அப்படியே முடித்தேன்.

இரண்டே பக்கங்கள். முதல் பக்கத்தில் நோயாளியின் ஊரையும் ரத்த வகையையும் தேர்ந்தெடுத்து ‘தேடு’ என்பதை அழுத்த வேண்டும். அந்த இரண்டு விவரமும் அடுத்த பக்கத்தின் முகவரியில், கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும். அங்கே இருக்கும் ஸ்கிரிப்ட் அவற்றைப் பிரித்து எடுத்து, ஊரைத் தலைப்பில் போட்டு, பட்டியலில் அந்த ரத்த வகைக்குப் பொருந்துகிறவர்களைக் காட்டும். ரத்தம் கொடுத்து மூன்று மாதம் ஆகாதவர்களை மறைத்துவிடும். மற்றவர்களில் யார் கொடுத்து அதிக நாள் ஆகிறதோ அவரை முதலில் காட்டும். கொடுத்தவரையே திரும்பத் திரும்பத் தொந்தரவு செய்யக் கூடாது என்று முருகவேல் சொன்ன யோசனை அது. நல்ல யோசனைதான். பின்னால் அதுவே எப்படிக் காலை வாரியது என்று சொல்கிறேன்.

இப்படி முகவரியோடு போகிற யூ.ஆர்.எல். பாராமீட்டர் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் கதைக்குத் தேவை. படிவத்திலிருந்து போகும்போது முகவரியில் இடைவெளி இருக்க முடியாது. பிரவுசர் அதைக் கூட்டல் குறியாக மாற்றிவிடும். அப்படியானால் நிஜமான கூட்டல் குறி என்ன ஆகும்? அது %2B என்று மாறுவேடம் போட்டுக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் முதலில் கூட்டல் குறிகளை இடைவெளி ஆக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மாறுவேடத்தைக் கலைக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம். எனக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். பத்து வருஷமாகத் தெரியும்.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், வடக்கனந்தல் எல்லாம் ஒரே சொல்லாக எழுதுகிற பெயர்கள். எங்கள் ஊர்ப் பட்டியலில் நடுவே இடைவெளி விட்டு எழுதுகிற பெயர் ஒன்றே ஒன்றுதான், கல்வராயன் மலை.

ஒரு நாள் மத்தியானம் முருகவேல் போன் செய்தார். மறுநாள் காலை மலைமேல் கரியாலூரில் ரத்த தான முகாம். அதிகாரிகள் வருகிறார்கள், பெரிய திரை கட்டி நம் பக்கத்தைப் போட்டுக் காட்டப் போகிறார்கள்.

“மேடம், மலை பேருக்கு நடுவுல இன்னாங்க அது, சிலுவ மாதிரி ஒண்ணு நின்னுக்கினு இருக்குது?”

திறந்து பார்த்தேன். பட்டியலுக்கு மேலே தலைப்பில் ‘கல்வராயன்+மலை நோயாளிக்கு’ என்று இருந்தது. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும். மலையிலிருந்து யாரும் பெரிதாகத் தேடாததால் எவர் கண்ணிலும் படவில்லை.

“நாளைக்கி அத்தினி பேர் முன்னால திரையில வந்தா மானம் போயிடுங்க. மலைக்காரங்க ஊருக்கே போயி அவங்க பேர தப்பா காட்னா நல்லாவா இருக்கும்?”

நியாயமான கேள்வி. கூட்டல் குறி எங்கே வந்தாலும் இடைவெளியாக மாற்று என்று ஒரு துண்டைச் சேர்த்தேன். ஏற்கெனவே மாறுவேடத்தைக் கலைக்கிற வரி இருந்தது, அதன் வாலிலேயே ஒட்டவைத்தேன். தலைப்பு ‘கல்வராயன் மலை நோயாளிக்கு’ என்று அழகாக வந்தது. ஐந்து நிமிஷ வேலை. டீ குடிக்கப் போனேன்.

ஒரு மணி நேரத்தில் மறுபடி போன். “இப்ப ஓ பாசிட்டிவ் போட்டா ஒருத்தருமே வரலீங்க. பி பாசிட்டிவும் வரல. நெகட்டிவ் எல்லாம் வருது.”

இந்த வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத ஒரு பம்பு கடைக்காரர் நோய் இன்னதென்று கிட்டத்தட்ட சொல்லிவிட்டார். பாசிட்டிவ் வரவில்லை, நெகட்டிவ் வருகிறது. ஒரு நிமிஷம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எதைத் தொட்டோம் என்று கேட்டிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். நான் கேட்கவில்லை. மணி நாலரை. கல்யாண மண்டபக்காரர் எதிரே உட்கார்ந்து தன் பக்கத்துக்கு இன்னும் பளிச்சென்ற சிவப்பு வேண்டும் என்று படுத்திக்கொண்டிருந்தார். வந்த விவரத்தைத் திரையில் எழுதிப் பார்த்தேன். ‘ஓ’ என்று மட்டும் இருந்தது. ஓவுக்குப் பின்னால் ஒரு இடைவெளி இருந்தது. இடைவெளி கண்ணுக்குத் தெரியாதே.

சரி, குறி எங்கோ விழுந்துவிடுகிறது என்று நினைத்தேன். எங்கே விழுகிறது என்று தேடாமல், விழுந்தாலும் பக்கம் ஓடும்படி செய்தேன். குறி இல்லாமல் வந்தால் எழுத்தை மட்டும் வைத்துத் தேடு என்று எழுதினேன். பட்டியல் நிரம்பி வழிந்தது.

“சூப்பருங்க மேடம். முன்னவிட ஜாஸ்தியாவே வருது,” என்றார் முருகவேல். அந்த ஜாஸ்தி எங்கிருந்து வந்தது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஓ பாசிட்டிவ் தேடினால் ஓ நெகட்டிவ்காரர்களும் சேர்ந்து வந்தார்கள். வந்ததோடு நிற்கவில்லை, முதலில் வந்தார்கள். நெகட்டிவ் எப்போதாவதுதான் தேவைப்படும். அதனால் அவர்கள் ரத்தம் கொடுத்து ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகியிருக்கும். கொடுத்து அதிக நாள் ஆனவர் மேலே என்பதுதான் நம் பக்கத்தின் விதி. போனின் சின்னத் திரையில் பேரும் ஊரும் நம்பரும் மட்டும் தெரியும்படி நானே செய்திருந்தேன். ரத்த வகைக்கான பத்தி இடத்தை அடைக்கிறது என்று மறைத்திருந்தேன்.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நம் ஊரில் யாராவது ‘ஓ பாசிட்டிவ் வேணும்’ என்று முழுசாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ‘ஓ குரூப்பு வேணும்’ என்பார்கள். பாசிட்டிவ் என்பது சொல்லாமலே இருப்பது. நெகட்டிவ் என்றால்தான் வாய்விட்டுச் சொல்வார்கள். பேச்சில் ஏற்கெனவே விழுந்திருந்த அந்தக் குறியை நான் முகவரியிலும் விழவைத்தேன்.

முகாம் நன்றாக நடந்தது. மலைப்பெயர் திரையில் பிழையில்லாமல் வந்ததாக முருகவேல் படம் அனுப்பினார். அதற்குப் பிறகு இரண்டரை மாதம் ஒரு புகார் இல்லை. தேடியவர்களுக்கெல்லாம் ஆள் கிடைத்தது, கொடுத்தவர்களுக்குச் சந்தோஷம். இதைவிட நன்றாக ஓடிய பக்கம் என் கையில் வேறு இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை பத்து மணிக்கு முருகவேல் பேசினார். குரலில் வழக்கமான கலகலப்பு இல்லை.

“ஓ நெகட்டிவ் போட்டா வெறும் பக்கமா வருதுங்க. மறுபடி ரிப்பேர் ஆயிடுச்சா பாருங்களேன். மலையிலேர்ந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பொண்ணு, ரெண்டாவது பிரசவம். கொழந்த பொறந்துடுச்சி, ரத்தம் நிக்கவே மாட்டேங்குதாம். ரத்த வங்கில அந்த குரூப்பு இல்ல.”

பக்கம் சரியாக இருந்தது. ஸ்கிரிப்ட் தன் வேலையைச் செய்திருந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஓ நெகட்டிவ்காரர்கள் நம் பட்டியலில் மொத்தம் ஆறு பேர். ஆறு பேரும் கடந்த இரண்டரை மாதத்துக்குள் ரத்தம் கொடுத்திருந்தார்கள். கடைசியாகக் கொடுத்தவருக்கே ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்தின இரண்டு வருஷத்தில் அந்த ஆறு பேரும் சேர்ந்து நாலு முறை கொடுத்திருந்தால் அதிகம்.

கடைசியாகக் கொடுத்தவர் வடக்கனந்தல் ஏழுமலை. நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவர். அவருக்குப் போன் போட்டேன்.

“ஆமாங்க, குடுத்தேன். சின்னசேலத்துல ஒரு பெரியவருக்கு இடுப்பு ஆபரேசன்.”

“அவருக்கு ஓ நெகட்டிவா?”

“ஓ குரூப்புன்னாங்க.” கொஞ்சம் யோசித்தார். “எனக்கு போன் வந்தா நெகட்டிவாத்தான இருக்கும்? வேற யாருக்கு என்ன கூப்புடப் போறாங்க?”

போனைக் காதில் வைத்தபடியே பக்கத்தைத் திறந்தேன். ஓ பாசிட்டிவ் என்று தேடிப் பார்த்தேன். முகவரியில் %2B இருந்தது. ஸ்கிரிப்டில் அதைப் பிரிக்கிற வரியின் வாலில் என் கையால் ஒட்டிய துண்டு. மாறுவேடத்தைக் கலைத்து, கூட்டல் குறியை வெளியே எடுத்து, அதைக் கையோடு அழித்துக்கொண்டிருந்தது. மலைப்பெயரில் நின்ற சிலுவையை எடுக்கத்தான் அதை எழுதினேன். ஏழுமலை போனிலேயே காத்திருந்தார்.

“இன்னாங்க ஆச்சி?”

சொன்னேன். மலையிலிருந்து வந்த பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னேன்.

“அப்ப நான் வரேன். ஒண்ணர மாசம் ஆயிடுச்சில்ல, வண்டிய எடுத்துக்கினு அர மணி நேரத்துல வந்துடறேன்.”

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிட்டார். நானும் ஆபீசைப் பூட்டாமல்கூட மருத்துவமனைக்கு ஓடினேன்.

ரத்த வங்கியில் இருந்த டெக்னீஷியன் அம்மா கையில் பட்டியலோடு சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். சேலத்தில் இரண்டு பாட்டில் இருக்கிறது, வண்டிக்குச் சொல்லியிருக்கிறது, இன்னும் கிளம்பவில்லை என்றார். ஆறு பேர் கொடுத்தார்களே, அந்த ரத்தம் எங்கே என்று கேட்டேன்.

“எடுத்தா அஞ்சு வாரந்தாங்க தாங்கும். நாலு பாட்டில் போயிடுச்சி, எல்லாம் பாசிட்டிவ்காரங்களுக்கேதான். நெகட்டிவ்வ பாசிட்டிவ்வுக்கு ஏத்தலாம். அவசரத்துக்கு ஏத்திட்டாங்க. ரெண்டு தேதி முடிஞ்சி கொட்டிட்டோம்.”

ரத்தம் தாங்குவது ஐந்து வாரம். கொடுத்தவர் மறுபடி கொடுக்க மூன்று மாதம். இரண்டுக்கும் நடுவே ரத்தமும் இல்லாமல் ஆளும் இல்லாமல் ஒரு காலம் இருக்கிறது. அந்தப் பெண் சரியாக அதற்குள் வந்து மாட்டியிருந்தாள். உயிர் போகிற நேரத்தில் பாசிட்டிவே ஏற்றக் கூடாதா என்று கேட்டேன். ஏற்றலாம்தான், ஆனால் இவளுக்குச் சேரவில்லை என்றார் அந்த அம்மா. முதல் பிரசவம் மலையில் வீட்டிலேயே நடந்ததால், அதற்குப் பிறகு நெகட்டிவ் தாய்க்குப் போட வேண்டிய ஊசி போடப்படவில்லை. இப்போது அவள் உடம்பு பாசிட்டிவ் ரத்தத்தை ஏற்றுக்கொள்ளாது.

ஏழுமலை வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டார். விரலில் குத்திப் பார்த்தார்கள். கொடுப்பவருக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டரை இருக்க வேண்டும், அவருக்குப் பதினொன்றைக்கூடத் தொடவில்லை. அறுவடைக் காலத்தில் அவர் தூக்கமும் சாப்பாடும் அப்படி. எடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “பாதியாவது எடுங்க சார்,” என்று அவர் வாசலிலேயே நின்று வாதாடிக்கொண்டிருந்தார்.

பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். பெயர் சடையன். கரியாலூருக்கு மேலே ஒரு சின்ன ஊர், மரவள்ளித் தோட்டங்களில் கூலி வேலை. முப்பது வயதிருக்கும். மூத்தது, மூன்று வயதுப் பெண், அவன் தொடையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி உடைந்த ஒரு போனை வைத்துக்கொண்டு விரலால் மேலிருந்து கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன். என் பக்கம்தான். ‘கல்வராயன் மலை நோயாளிக்கு’ என்று தலைப்பு. மலைப்பெயரில் ஒரு பிழை இல்லை. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

நான் குனிந்து பார்ப்பதைக் கண்டு போனை என் பக்கம் திருப்பினான்.

“நெட்டு கம்மியா இருக்கறதாலதான் பேருங்க வர மாட்டேங்குதாங்க?”

அவனுக்கு நான் யாரென்று தெரியாது. பதில் சொல்ல ஒரு விநாடிதான் இருந்தது. ஆமாம், இங்கே சிக்னல் கம்மி என்றேன். அவன் பிள்ளையின் தலையைப் பெஞ்சில் மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, சிக்னலுக்காக எழுந்து வாசலுக்குப் போனான். வெயிலில் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இந்தத் தொழிலில் நான் செய்த தப்புகளில் பெரியது எது என்று கேட்டால், அந்த ஸ்கிரிப்ட் வரியைச் சொல்ல மாட்டேன். இந்தப் பதிலைத்தான் சொல்வேன்.

அவள் பெயர் லட்சுமி. மத்தியானம் இரண்டே முக்காலுக்கு இறந்துபோனாள். சேலத்திலிருந்து வண்டி நாலு மணிக்கு வந்தது. குழந்தை பிழைத்தது, பெண் குழந்தை.

அன்று சாயங்காலம் ஸ்கிரிப்டில் இரண்டு வேலைகளின் வரிசையை மாற்றிப் போட்டேன். எழுத்தை மட்டும் வைத்துத் தேடுகிற துண்டைத் தூக்கி எறிந்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. முருகவேலை வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன்.

“வெளிய சொல்லாதீங்க மேடம். இந்த பக்கத்த நம்பி எத்தினி பேர் இருக்காங்க. தெரிஞ்சா நாளைக்கி எவனும் இதத் தொட மாட்டான். அதனால இன்னும் ரெண்டு உசுரு போவும்.”

அவர் தனக்காகப் பேசவில்லை. நான் தலையாட்டியது எனக்காகத்தான். கேட்பவர்களிடமெல்லாம் துரதிர்ஷ்டம் என்று சொன்னேன். உண்மையில் யாருமே கேட்கவில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மேஸ்திரி கட்டிய சுவர் இடிந்தால் ஊரே வந்து அவர் சட்டையைப் பிடிக்கும். நம் வேலை இடிந்தால் சத்தமே வராது. லட்சுமியின் சாவில் ரத்தப்போக்கு என்று எழுதியிருப்பார்கள். கூட்டல் குறி என்று யாரும் எழுத மாட்டார்கள். எழுதக்கூடிய ஒரே ஆள் நான்தான். நான் பேசாமல் இருந்தேன். சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், கல்யாண மண்டபத்துக்குச் சிவப்பு மாற்றிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, காரியமெல்லாம் முடிந்து, சடையன் நம் ஆபீசுக்கு வந்தான். மருத்துவமனையில் யாரோ முருகவேலின் கடையைச் சொல்லி, கடையில் நம் ஆபீசைச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

“நீங்கதாங்களா இது? அன்னைக்கி அங்க வந்தீங்களே. நெட்டு கம்மின்னு சொன்னீங்க.”

உட்காரச் சொன்னேன். நுனியில் உட்கார்ந்தான். “எம் பேர அதுல போட்டுக்கோங்க. அன்னைக்கி என்னுத எடுத்துக்கோங்கன்னு கேட்டேன். சேராதுன்ட்டாங்க. வேற யாருக்காச்சும் சேரும் இல்லீங்களா? போன் பண்ணா மலையிலேர்ந்து வந்துடுவேன், பஸ்சு இருக்குது.”

படிவத்தைத் திறந்தேன். பெயர், ஊர், போன் நம்பர் அடித்தேன். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. இந்த மனிதனின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு நான் இன்னும் பேசாமல் இருந்தால் பிறகு எப்போதும் பேசப்போவதில்லை என்று தோன்றியது. திரையை அவன் பக்கம் திருப்பவில்லை. அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நெட் கம்மி இல்லை, நான் பொய் சொன்னேன் என்றேன். மலைப்பெயரில் ஒரு குறியை எடுக்கப் போய் இன்னொரு குறியையும் அழித்ததைச் சொன்னேன். அந்த ஆறு பேரும் வேறு யாருக்கோ வீணாகக் கொடுத்துவிட்டிருந்ததைச் சொன்னேன். பாராமீட்டர், டீகோட் என்று ஒரு வார்த்தை நான் பேசவில்லை. அந்த வார்த்தைகள் எதற்குப் பயன்படும் என்று அன்று தெரிந்தது. அவற்றுக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொள்ளலாம்.

நான் முடித்ததும் அவன் கேட்டான்.

“அந்த வடக்கனந்தல் ஆளு, வாசல்ல நின்னு டாக்டருகிட்ட சண்ட போட்டாரே. நீங்க அத அழிக்காம இருந்திருந்தா அவுரு ரத்தம் இருந்திருக்குமாங்க?”

“இருந்திருக்கும்.”

“எடுத்திருப்பாங்களா?”

“எடுத்திருப்பாங்க.”

“அர மணி நேரத்துல வந்தாருன்னு சொன்னாங்க.”

“ஆமாம்.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதைக் கேட்டால் அதற்கும் அவன்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அவன் எழுந்தான். எழுந்தவன் மேஜை மேல் கையை ஊன்றி, “எம் பேர எழுதிட்டீங்களா?” என்றான்.

எழுதிவிட்டேன் என்றேன். பழக்க தோஷம், அடுத்த கட்டத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருக்க, என் வாய் தானாகவே கேட்டுவிட்டது. “குரூப்?”

“ஓ குரூப்புன்னாங்க.”

“பிளஸ்ஸா, மைனஸா?”

அவன் வாசல்வரை போய்விட்டான். குரலை உயர்த்தவில்லை.

“அதெல்லாம் எனக்கு தெரியாதுங்க. நீங்களே ஒண்ணு போட்டுக்குவீங்க இல்ல.”

படியிறங்கிப் போனான். நான் போன் செய்தபோதெல்லாம் எடுக்கவில்லை. பிறகு அந்த நம்பரே இல்லாமல் போய்விட்டது.

இதற்குப் பிறகு நான் செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடந்ததை அப்படியே எழுதி ரத்த வங்கிக்கும் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அனுப்பினேன். முருகவேல் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பக்கத்தை யாரும் தொட மாட்டார்கள் என்று அவர் பயந்தபடி நடக்கவில்லை. நாலைந்து பேர் பெயரை எடுக்கச் சொன்னார்கள், மற்றவர்கள் இருந்தார்கள். ஏழுமலை மூன்று மாதம் முடிந்த அன்றே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவருக்குப் போன் வந்தால் முதல் கேள்வி, “அவங்களுக்கு நெகட்டிவ்தானா, சீட்ட பாத்து சொல்லுங்க,” என்பதுதான். வராத விவரத்துக்குப் பக்கம் இப்போது எதையும் ஊகிக்காது. ‘ரத்த வகை முழுசாக வரவில்லை, மறுபடி தேர்ந்தெடுங்கள்’ என்று காட்டிவிட்டு நின்றுவிடும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று உங்களில் ஒருவர் போன வாரம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அசிங்கமாகவே இருக்கட்டும்.

இப்போது அந்தக் காலிக் கட்டத்துக்கு வருகிறேன். பட்டியலில் நூற்றுச் சொச்சம் பேருக்குப் பிறகு சடையன் என்று ஒரு வரி இருக்கும். ஊர், கல்வராயன் மலை. ரத்த வகையில் ஓ என்று மட்டும் இருக்கும், பக்கத்தில் குறிக்கான கட்டம் காலி. குழந்தை ஓ பாசிட்டிவ் என்று டெக்னீஷியன் அம்மா அன்றைக்கே சொல்லியிருந்தார். தாய் நெகட்டிவ் என்றால், பிள்ளைக்கு அந்தக் குறி அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆகவே சடையன் பாசிட்டிவ்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட இந்தக் கணக்கைப் போட்டுவிடும். எனக்கும் தெரியும். ஒரே ஒரு விசையை அழுத்தினால் வரி முழுசாகிவிடும்.

அழுத்தாதீர்கள். அந்த வரி எந்தத் தேடலிலும் வராது, யாருக்கும் கெடுதல் செய்யாது. அந்தக் குறியைப் போடுகிற உரிமை அவனுக்கு மட்டும்தான் உண்டு. என்றைக்காவது அவன் ரத்த வங்கிச் சீட்டோடு படியேறி வந்தால், அவனை உட்காரவைத்து, சீட்டைப் பார்த்துப் போடுங்கள்.